ஷோபா அக்காவின் பின்னல்

சபையில் உட்காருவதற்கு முன்னால் ஷோபா அக்கா ஒரு காரியம் செய்வார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, வலது கையைப் பின்னால் விட்டு, பின்னலைத் தோளுக்கு மேலாக எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பெஞ்சில் உட்காருவார். ஜெபத்துக்கு எழுந்தால் அது முதுகுக்குப் போகும். உட்கார்ந்தால் மடிக்கு வரும். பாட்டு நடந்தாலும் பிரசங்கம் நடந்தாலும் அவர் கை அதைத் தொடாது. அது பாட்டுக்குக் கிடக்கும்.

நான் அவருடைய ஓரகத்தி. அவர் கணவர் எர்னஸ்டின் தம்பி ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டு சித்தூருக்கு வந்த நாளிலிருந்து, சபையில் அவருக்குப் பின் பெஞ்சுதான் என் இடம். எனக்கு யாரோடும் சட்டென்று பேச வராது. பார்த்துக்கொண்டிருப்பேன். பார்ப்பதற்கு அந்தப் பின்னலைவிட அழகான ஒன்று எங்கள் சபையில் இல்லை. அவிழ்த்துவிட்டால் முழங்காலுக்குக் கீழே போகும்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஆராதனை முடியும்வரை பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். எழுந்து நின்றபோதும் விடவில்லை. பாட்டுப் புத்தகத்தை ஒரு கையாலேயே புரட்டினார். நான் பாட்டை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பின்னலை வைத்துத்தான் அவர் வீடு நடந்துகொண்டிருந்தது.

அக்கா கூந்தல் எண்ணெய் காய்ச்சி விற்பவர். தேங்காயெண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ, வெந்தயம் எல்லாம் போட்டு, பின்கட்டில் இரும்பு வாணலியில் காய்ச்சுவார். இலையின் ஈரம் போய்ச் சடசடப்பு அடங்கியதும் இறக்கி, ஆறவிட்டு, துணியில் வடிகட்டுவோம். பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டுவது என் வேலை. லேபிளில் அக்காவின் முகம் இருக்காது. பின்பக்கமாக நின்று எடுத்த படம், முதுகில் அந்தப் பின்னல். சபைப் பெண்கள் வாங்கினார்கள். குடிபாலா சந்தையில் வாங்கினார்கள். மாம்பழக் காலத்தில் பங்காருபாளையம் மண்டிக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் வாங்கினார்கள். எர்னஸ்ட் மாமாவுக்கு மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசன் வேலை மட்டும்தான். மகள் பிளெஸ்ஸியின் நர்சிங் படிப்பு இந்த எண்ணெயில்தான் ஓடியது. யாராவது சந்தேகமாகக் கேட்டால் அக்கா வாயைத் திறக்க மாட்டார். திரும்பி நிற்பார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் அவருக்கு டைபாய்டு வந்தது. நாள் கணக்கில் கஞ்சியிலேயே கிடந்து எழுந்தார். எழுந்து இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், சோற்றில், குளியலறைச் சாக்கடை வாயில் எல்லாம் முடி. அதைச் சுருட்டிக் காகிதத்தில் மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே வருவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் குளியலறை ஒன்றுதான் என்பதால் எனக்குத் தெரிந்தது.

பயத்தில் அவர் செய்ததெல்லாம் தப்பாகவே போனது. சீப்பு வைத்தால் கொட்டும் என்று தலை வாருவதையே நிறுத்தினார். அலசினால் கொட்டும் என்று தலைக்கு ஊற்றுவதை நிறுத்தினார். எண்ணெயை மட்டும் இரண்டு வேளையும் தேய்த்தார். முடி பிசுக்கேறிச் சிக்குப் பிடித்தது. ஒரு நாள் திருப்பதிக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நீளமாக ஒரு சவுரி வாங்கி வந்தார். மிச்சமிருந்த முடியில் அதை வைத்து இறுக்கிப் பின்னி, ஊசிக்கு மேல் ஊசி குத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கை பிடித்திருந்தது அந்தப் பின்னலைத்தான்.

அன்று மத்தியானம் பின்கட்டில் என்னிடம் வந்தார்.

"கிருபா, நீ பாத்துட்ட இல்ல?"

"பாத்தேன்க்கா."

"யாருகிட்டயும் சொல்லாத. உன் வூட்டுக்காரருகிட்டயும்தான்." முந்தானைக்குள் கை விட்டுப் பின்னலைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன். இந்த சவுரி யாரு முடியோ? மலையில நேந்துகினு குடுத்த முடியா இருந்தா? அவங்க சாமிக்குக் குடுத்தத நான் தலையில வெச்சிகினு இங்க சபையில இராப்போஜன அப்பமும் ரசமும் எடுத்துகினு கீறேன். தப்பில்ல அது? ரெண்டு பக்கமும் தப்பு."

"டாக்டர்கிட்ட போலாம்க்கா" என்றேன்.

"சித்தூர்லயா? நீ வேற!"

அவர் சொன்னது சரிதான். சித்தூரில் எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலும் எங்கள் சபைப் பெண் ஒருத்தி நர்ஸாக நின்றுகொண்டிருப்பாள். சாயங்காலத்துக்குள் சங்கதி போதகர் வீடு வரைக்கும் போய்விடும். அதனால் திருப்பதிக்குப் போவதென்று முடிவானது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், திருப்பதியில் பிளெஸ்ஸியின் ஹாஸ்டலில் ஏதோ வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயசுப் பெண்களும் இருந்தார்கள். ஒருத்தி தன் தலையைத் தானே தடவிப் பார்த்துச் சிரித்தாள். அக்கா நின்று அவளையே பார்த்தார்.

"எவ்ளோ தைரியம் பாரு," என்றார். "நானா குடுத்திருந்தா எனக்கும் சிரிப்பு வந்திருக்குமோ இன்னமோ."

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சுகள் நிறைந்திருந்தன. சீட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தோம். அக்கா முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று நான் மூச்சு விட்டபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அய்யே, எண்ணெக்காரம்மா! நீங்களா?"

குடிபாலா சுந்தரம்மா. சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்களிடம் எண்ணெய் வாங்குபவர். பக்கத்தில் அவர் மகள் பிரியங்கா துப்பட்டாவால் தலையைச் சுற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுந்தரம்மாவின் பையிலிருந்து எங்கள் பாட்டில் ஒன்று எட்டிப் பார்த்தது.

"நீங்க இங்க இன்னா பண்றீங்க?" என்றார் சுந்தரம்மா.

அக்கா என் தோளில் கை வைத்தார். "இதோ, எங்க ஓரகத்திய இட்டுகினு வந்தேன். இவளுக்கு முடி கொட்டுது."

சுந்தரம்மா என் தலையை மேலும் கீழும் பார்த்தார். "எண்ணெய வூட்லயே வெச்சிகினு இங்க வந்து குந்திகினு கீறியேம்மா! சொம்மா நாலு நாளு தேச்சாலே போதுமே."

"சொன்னா கேக்கறதில்ல இவ," என்றார் அக்கா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க கதையக் கேளுங்க," என்று சுந்தரம்மா அக்காவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இவளுக்குக் காச்சல் வந்து எழுந்தா. முடி கொத்துக் கொத்தா வருது. தை மாசம் பொண்ணு பாக்க வராங்க. ரெண்டு வேளையும் உங்க எண்ணெயத்தான் தேக்கறேன். பாட்டிலு காலி. இன்னும் ரெண்டு குடுங்க. தெனம் இவளுக்கு உங்களத்தான் சொல்லிகினு கீறேன். அந்த அம்மா முடியப் பாருடி, அவங்களுக்கு வளந்தது உனக்கு வளராதான்னு."

"அம்மா, கம்முனு இரு," என்றாள் பிரியங்கா. "அவங்களுக்குப் பொறப்புலயே அப்டி. எனக்கு வராது. வரவங்கள வேணாம்னு சொல்லிடு."

"பாத்தீங்களா? துன்ன மாட்டேங்கறா. காலேஜுக்குப் போவ மாட்டேங்கறா. சீப்பெடுத்தா கத்தறா. எங்க, உங்க பின்னலக் கொஞ்சம் காட்டுங்க இவளுக்கு." சுந்தரம்மா அக்காவின் முந்தானைக்குள் கையை விட்டார். அக்கா நெருப்பைத் தொட்டவர்போல எழுந்தார்.

அந்த நேரம் அறைத் திரையை விலக்கி, உள்ளே வரச் சொல்லி ஆயாம்மா தெலுங்கில் கத்தினார். "ஷோபா! ஷோபா எவரம்மா? ரண்டி!"

சுந்தரம்மாவுக்கு அக்காவின் பெயர் தெரியாது. அக்கா என் இடுப்பில் இடித்தார். நான் எழுந்தேன்.

டாக்டர் ஒரு பெண். எங்கள் பேச்சைக் கேட்டதும் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு வந்தார். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, முடியைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கையில் ஒன்றும் வரவில்லை.

"உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா. யார் சொன்னா கொட்டுதுன்னு?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். அறை வாசலில் திரைதான் தொங்கியது. அடுத்த சீட்டு அவர்களுடையது. திரைக்கு அடியில் சுந்தரம்மாவின் செருப்பு தெரிந்தது.

அக்கா எனக்குப் பின்னால் நின்றபடி தாழ்ந்த குரலில் கேட்டார். "காச்சல் வந்தா கொட்டுமா மேடம்?"

"வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சிக் கொட்டும். பெரும்பாலும் தானாத் திரும்பி வந்துடும்."

"எத்தினி மாசத்துல வரும்?"

டாக்டர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "யாருக்குக் கேக்கறீங்க?"

அக்கா திரையைப் பார்த்தார். பிறகு என்னைக் கையைப் பிடித்து எழுப்பினார். "சொம்மா கேட்டேன் மேடம்." வெளியே வந்துவிட்டோம்.

"இன்னா சொன்னாங்க?" என்று சுந்தரம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லையாம்."

"நான்தான் சொன்னேனே! எண்ணெ கீது வூட்ல." மகளை இழுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

நாங்கள் நேராக வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அக்காவின் கால் நகரவில்லை. இத்தனை தூரம் வந்தும் அவர் தலையை யாரும் பார்க்கவில்லை. இன்னொரு நாள் வீட்டில் என்ன பொய் சொல்லி வருவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேசுவது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. ரத்தம் கம்மியாக இருக்கும், டெஸ்ட் எடுத்து மாத்திரை போடணும், நன்றாகச் சாப்பிடணும், தலையை அலசணும், முடி திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னார்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்று பிரியங்கா அழுதாள். "சமாதானத்துக்குச் சொல்றாங்க."

"மாத்திரையெல்லாம் எதுக்கு மேடம்," என்றார் சுந்தரம்மா. "வெளிய எண்ணெக்காரம்மா கீறாங்க. இன்னும் ரெண்டு பாட்டிலு வாங்கி நல்லா ஊற ஊறத் தேக்கறேன்."

அக்கா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சீட்டு என்னுது மேடம்," என்றார். "ஷோபா நான்தான்." முந்தானையைத் தள்ளினார். நின்றபடியே ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். கடைசி ஊசி வந்ததும் பின்னல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. தலையில் மிச்சமிருந்தது சுண்டுவிரல் தடிமனில் ஒரு சிக்கு. உச்சியில் தோல் தெரிந்தது.

"அய்யய்யோ," என்றார் சுந்தரம்மா.

டாக்டர் அக்காவை உட்காரவைத்தார். மெதுவாக இழுத்தபோதே விரலோடு முடி வந்தது. "காய்ச்சல்ல போனது பாதி. நீங்க பயந்து பண்ணதுல போனது பாதி," என்றார். "இவ்ளோ கனத்தை இருக்கற முடியில கட்டி இழுத்தா வேர் தாங்குமா? எண்ணெய் தடவுங்க, வேணாம்னு சொல்லல. சிக்கு இல்லாம இருக்கும், வறண்டு உடையாது. ஆனா அது முடியை முளைக்க வைக்காது."

சுந்தரம்மாவுக்குக் கோபம் வந்தது. "அப்போ எங்களுக்கு ஏம்மா வித்தீங்க?"

"காச்சலுக்கு முன்னாடி நானே நம்பிகினு இருந்தேன்," என்றார் அக்கா. "கொட்ட ஆரம்பிச்ச பெறகு நம்பல. அப்பவும் வித்தேன்."

பிரியங்கா அழுகையை நிறுத்திவிட்டு அக்காவின் தலையையே பார்த்தாள். கிட்டே வந்து குனிந்தாள். பிறகு தன் துப்பட்டாவை அவிழ்த்து, பக்கத்தில் சுவரில் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னவிட மோசம்க்கா," என்றாள்.

"ஆமாம் கண்ணு," என்றார் அக்கா. "உன்னுது எவ்வளவோ தேவல."

டாக்டர் சிரித்துவிட்டார். அக்காவின் நெற்றி ஓரத்தில் கட்டையாக நின்ற முடிகளைப் பிரியங்காவுக்குக் காட்டி, "இதுல கொஞ்சம் புதுசா முளைக்கறது, கொஞ்சம் இழுத்து அறுந்தது. எது எவ்ளோன்னு மூணு மாசம் கழிச்சிப் பாத்தாத்தான் தெரியும்," என்றார். இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சவுரியை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். சந்திரகிரி தாண்டியதும், "அவ சந்தையில சொல்லிடுவா," என்றார்.

சுந்தரம்மா சொல்லத்தான் செய்தார். அடுத்த சந்தைக்கு முன்னால் குடிபாலா முழுக்கத் தெரிந்தது. அங்கிருந்து சபைக்கும் வந்தது. சிலர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் அக்காவைப் பார்க்கும் சாக்கில் தலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போதகரம்மா வீட்டுக்கே வந்து ஜெபம் பண்ணினார். ஜெபத்துக்கு நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். நான் பார்த்தேன்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. டாக்டர் சொன்னபடி அக்கா சிக்கைக் காதளவுக்கு வெட்டிவிட்டார். முடி இப்போது கழுத்துவரை இருக்கிறது. முன்பக்கம் அடர்த்தியாக வருகிறது. உச்சியில் இன்னும் மெல்லிசுதான். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறார். முட்டையும் கீரையும் சாப்பிடுகிறார். வாரம் இரண்டு முறை தலையை அலசுகிறார். லேசாக உடம்பு சுட்டாலும் என்னைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். பிரியங்காவைப் பெண் பார்க்க வருவதை அடுத்த தைக்குத் தள்ளிவிட்டார்கள், அவள் பரீட்சை எழுதிவிட்டாள். எண்ணெய் முன்பு காய்ச்சியதில் கால் பங்குதான் காய்ச்சுகிறோம். லேபிளில் இப்போது படம் இல்லை. அந்த வருமானம் போதவில்லை என்று எர்னஸ்ட் மாமா நாயுடுபேட்டைக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறார். பிளெஸ்ஸி படித்துக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்குப் பழைய முடி முழுசாக வருமா என்று கேட்டால், டாக்டர் இன்னும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.