ரொக்கெட்டை இறக்கிய குரல்

வோபர்னில் எங்கள் வீட்டு வாசலில் நான் காரைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம், மனைவி பின்னால் நின்று "வாங்கோ, வாங்கோ, காணும், நிப்பாட்டுங்கோ!" என்று கத்துவாள். "காரிலை பின்கமரா இருக்குத்தானே!" என்று எரிந்து விழுவேன்.

ஏவிய ரொக்கெட் திரும்பி வந்து இறங்குவதைத் தொலைநோக்கியால் படம்பிடிக்க இருவரும் புளோரிடா போனோம். "சத்தமும் பதிவாகுது, கதையாதையும்" என்றேன்.

இறங்கும் நேரம் பார்த்து ரொக்கெட், தொலைநோக்கியில் பூட்டிய கமராவின் திரையிலிருந்து நழுவிவிட்டது. தொலைநோக்கியை அங்கும் இங்கும் ஆட்டித் தேடினேன். வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றவள், "இடப்பக்கம் எடுங்கோ, இன்னும், காணும்!" என்றாள். தொலைநோக்கியைத் திருப்பினேன், அகப்பட்டது. பிறகு ரொக்கெட்டிடமே, "வா ராசா, மெல்ல, மெல்ல, காணும்!" என்றாள். அது காலூன்றி நின்றது.

அந்தக் குரலை வீடியோவில் வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஊர் திரும்பியதும், நான் வாசலில் காரைப் பின்னுக்கு எடுக்குமுன் இறங்கிப் பைகளோடு உள்ளே போகப் பார்த்தவளைக் கூப்பிட்டேன்.

"பின்னாலை நிண்டு சொல்லும்."

"ஏன், கமரா பழுதோ?"

"ஓம்" என்றேன்.