சுந்தரி டீச்சர் உடைத்த பூண்டு

மேல்மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சரே பிள்ளைகளை உட்காரவைத்துச் சூதாடுகிறார் என்ற செய்தி, கவுஞ்சி பஸ்ஸில் என் காதுக்கு வந்தபோது அதில் பகடை மட்டும்தான் இருந்தது. கொடைக்கானலில் இறங்குவதற்குள் சீட்டுக்கட்டு சேர்ந்துகொண்டது. பெருமாள்மலையில் கேட்டவர்கள், ஜெயிக்கிற பிள்ளையிடம் டீச்சர் கமிஷன் எடுப்பதாகச் சொன்னார்கள். பழனிக்குப் போனால் அது என்ன உருவம் எடுத்திருக்குமோ என்று பயந்து, மறுநாள் வெள்ளனே எதிர்த்திசையில் பஸ் ஏறினேன்.

ஊர் பெயர் வேண்டாம். பூம்பாறைக்கு அப்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் அதற்கும் ஒரு விசாரணை வரும்.

டீச்சர் பெயர் சண்முகசுந்தரி. பழனி அடிவாரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். தகுதித் தேர்வில் என்றோ தேறியவர். அரசு வேலைக்குக் காத்திருந்த காலமெல்லாம் ஒரு லாட்ஜில் பக்தர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுத்தார். போன வருஷம்தான் இங்கே தற்காலிக வேலை கிடைத்தது. பெற்றோர் குழு நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடும்வரை வேலை. போடாவிட்டால் மறுபடியும் சாவி. நான் போய் இறங்கிய அன்று மதியம்தான் கையெழுத்துக் கூட்டம்.

சூதாட்டம் எப்படித் தொடங்கியது என்று அவரே விளக்கினார். முப்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதினால், மூன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் இருபத்தைந்து என்றதாம். ஏழிலிருந்து இரண்டைக் கழிப்பதுதான் பிள்ளைகளுக்கு வசதி. எந்தப் பக்கத்திலிருந்து எதைக் கழிக்கிறோம் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. நாட்டில் பெரியவர்களுக்கே இல்லை.

இதற்கென்றே பள்ளியில் கணக்குப் பெட்டி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் மணி, கட்டை, குச்சி, எல்லாம் அதில் இருக்கின்றன. தலைமை ஆசிரியர் குமரகுரு அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஒரு மணி தொலைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தொலையாமல் இருக்க ஒரே வழி, திறக்காமல் இருப்பது. வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, பாலித்தீன் உறைகூடக் கிழியாமல் இருப்பதை அவர் எனக்குப் பெருமையோடு காட்டினார்.

ஆகவே சுந்தரி டீச்சர், ஆளுக்கொரு நல்ல பூண்டு வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணுக்கு டீச்சரிடமிருந்து பல் வாங்க வேண்டும். பத்துப் பல் சேர்ந்தால் கொடுத்துவிட்டு முழுப் பூண்டு வாங்கிக்கொள்ளலாம். தோற்றால் பல்லாகத் திருப்பித் தர வேண்டும். உதிரி போதாதென்றால் முழுப் பூண்டை உடைத்தாக வேண்டும். பூண்டில் சரியாகப் பத்துப் பல் இருக்காதே என்று மணிமேகலை என்ற சிறுமி ஆட்சேபித்திருக்கிறாள்.

"நம்ம கிளாஸ் பூண்டுல பத்துதான்டி. சாமி நமக்குன்னு தனியாப் படைச்சிருக்காரு" என்று டீச்சர் அவளைச் சமாளித்திருக்கிறார்.

ஒரே மாதத்தில் வகுப்பு முழுக்கப் பதினைந்து என்று சொல்ல ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் புகார் போய், கல்வி ஆபீஸ் ஜீப் வந்தது. பாதி ஆட்டத்தில், பகடையையும் பூண்டுக் கூடையையும் ஆதாரம் என்று சொல்லி எடுத்துப்போனார்கள். பகடை பத்திரமாக இருக்கிறது என்று விசாரித்ததில் தெரிந்தது. பூண்டைப் பற்றி யாரும் பேச விரும்பவில்லை. மலைப்பூண்டு ரசத்துக்கு நல்லது.

மதியம் கூட்டம். குழுத் தலைவி பிச்சையம்மாள். பெண்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவர் திருமலைச்சாமி பக்கத்தில் நின்று தலைமை தாங்கினார். புகார் எழுதியவரும் அவர்தான்.

சுந்தரி டீச்சர் ஒன்று, பத்து, இடமதிப்பு என்று தெளிவாகப் பேசினார். சூது அல்ல, கழித்தல் என்றார். திருமலைச்சாமியின் மகன் முகேஷையே எழுப்பி நிறுத்திக் கணக்குக் கேட்டார். அவன் சரியாகச் சொன்னான். யார் முகமும் மாறவில்லை. அவர்கள் வேறு எதற்கோ காத்திருந்தது போல இருந்தது.

கடைசியில் பிச்சையம்மாள்தான் வாய் திறந்தார். "வெதைய ஒடைச்சிட்டீங்களே டீச்சர்."

டீச்சருக்குப் புரியவில்லை. "எந்த விதைங்க?"

நல்ல பூண்டு என்றால் அந்த ஊரில் ஒன்றுதான் பொருள்: அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டு, புகை ஏற்றிப் பாதுகாக்கிற விதைப்பூண்டு. நடவு நாள் முடிவாகும்வரை அதில் யாரும் நகம் படவிடுவதில்லை. முன்கூட்டிப் பிரித்த பல் காய்ந்துபோகும். டீச்சர் நல்ல பூண்டு கேட்டார் என்று பிள்ளைகள் வீட்டில் இருந்ததிலேயே நல்லதைப் பரண் ஏறி எடுத்துவந்து பெருமையோடு கொடுத்திருக்கிறார்கள். டீச்சருக்குத் தெரிந்த பூண்டு கடையில் நிறுத்துப் போடுகிற பூண்டு.

"கூழாங்கல்லே போதும்ங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

திருமலைச்சாமியைத் தனியே அழைத்து, இதையே எழுதியிருக்கலாமே, சூதாட்டம் என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"பூண்ட ஒடைச்சிட்டாங்கன்னு எழுதுனா ஆபீசுல சிரிப்பாங்க சார். சூதாட்டம்னு எழுதுனாத்தான் ஜீப்பு வரும்" என்றார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, வன்மமும் இல்லை. "டீச்சர் நல்ல மனுசிதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிட்டார்களே, இனி புகாரை வாபஸ் வாங்குவார்கள் என்று நான் நினைத்தேன். அப்படிச் செய்தால் பொய்ப்புகார் ஆகிவிடும் என்று குமரகுரு நினைவூட்டினார். ஊர் கௌரவம் ஒரு பக்கம், டீச்சர் வேலை ஒரு பக்கம். இந்தக் கழித்தலுக்குப் பகடை தேவைப்படவில்லை. வேலை நீட்டிப்பு இல்லை என்று எழுதிய தாளை நீட்டினார்கள். பிச்சையம்மாள் டீச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாயங்கால பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் டீச்சர், மடியில் பையோடு. பஸ் கிளம்புவதற்குள் மணிமேகலை ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர், அன்னிக்கு நீங்க எனக்கு ஆறு பல்லு தரணும். ரெண்டுதான் தந்தீங்க. முழுப் பூண்ட ஒடைக்கயில ஜீப்பு வந்துருச்சு."

"அப்ப பாக்கி எவ்வளவுடி?"

"நாலு."

டீச்சர் பையைத் திறந்து துழாவினார். சீப்பு, டிபன் டப்பா, சாக்பீஸ் துண்டு. சாக்பீஸை எடுத்து நீட்டினார். மணிமேகலை வேண்டாமென்று தலையாட்டினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"தரேன்டி" என்றார் டீச்சர்.

பஸ் வளைவில் திரும்பும்வரை அந்தப் பெண் நான்கு விரல்களை உயர்த்திப் பிடித்தபடியே நின்றாள்.