கோபாலன் அளக்காத கரை

லாவ்டர் பெரிய ஆறெல்லாம் இல்லை. காவிரிக்காரர்கள் பார்த்தால் வாய்க்கால் என்றே சொல்லிவிடுவார்கள். காட்டிலிருந்து இறங்கி வந்து, ரைனில் சேருமுன் கடைசியாகக் கொஞ்ச தூரம் இரண்டு நாட்டுக்கும் எல்லையாக ஓடுகிறது. இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை பிரான்ஸ். வேலி கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் கார்ல்ஸ்ரூஹேயில் என்னோடு படித்த கும்பகோணத்துக் கோபாலனுக்கு அந்த ஆறுதான் ஆராய்ச்சி. வெள்ளம் எந்தக் கரையை அரிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்மன் கரையை அளந்து முடித்துவிட்டு, மறுகரையை அளக்கப் பிரெஞ்சுக்காரர்களின் அனுமதிக்காகக் காத்திருந்தான். அதற்குள் விசா இல்லாமல் அங்கே கால் வைத்து மாட்டினால் அனுமதி அம்போ. டாக்டர் பட்டமும் அம்போ. சும்மாவே அவன் பயந்தாங்கொள்ளி. நடு ஆற்றுக்குக்கூடப் போக மாட்டான்.

அந்த ஆடியில் அவன் மனைவி வைதேகி வந்து சேர்ந்தாள். ஊராக இருந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். இங்கே யார் அழைப்பது? கல்யாண மாலைகள் இரண்டையும் சருகாகப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விட வேண்டும் என்றாள். மூவருமாக லாவ்டருக்குப் போனோம்.

அவள் மாலை ஒழுங்காகப் போயிற்று. கோபாலனுடையது மறுகரை வேரில் சிக்கிக்கொண்டு அங்கேயே சுற்றியது.

"உங்க மாலைங்க..." என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"தானா போயிடும்மா" என்றேன். போகவில்லை. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

கோபாலன் ஷூவைக் கழற்றினான்.

"டேய், பைத்தியமா உனக்கு?"

முழங்கால் தண்ணீரில் நடந்து மறுகரையில் ஏறி, வேரை விலக்கி மாலையைத் தள்ளிவிட்டான். அது போயிற்று. நிமிர்ந்தால் எதிரே சைக்கிளோடு எல்லைக் காவலர்.

அவர் கோபாலனின் பெயரை மட்டும் விசாரித்துக் குறித்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார். "சும்மா ஊர் பேர் கேட்டார்" என்று வைதேகியிடம் சொன்னான். அடுத்த மாதம் அனுமதி இல்லை என்று பதில் வந்தது. ஒரு கரையை மட்டும் வைத்துக்கொண்டு யார் பட்டம் கொடுப்பார்கள்? எழுபதுகள் முழுக்க ஒரு சின்ன ஊரின் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தான். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வைதேகி கேட்டாள்: "ஏங்க, அந்தப் பக்கத்துக் கரையை நீங்க அளக்கவே இல்லையே, ஏன்?"

இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று நான் வாயைத் திறந்தேன். கோபாலன் முந்திக்கொண்டான்.

"அங்க அளக்க ஒண்ணுமில்ல வைதேகி. வெறும் மணல்."