எதிரியும் பீரோ சாவியும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருக்கிறது. அதில்தான் பீரோ சாவி தொங்கும். பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியை ஊர் பார்க்க மாட்டி வைப்பதில் என்ன அர்த்தம் என்று அப்பா அடிக்கடி கேட்பார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து அந்த ஆணி சில நாட்களில் மட்டும் வெறுமனே இருக்கும். தெருமுனையில் சைக்கிள் மணி நீளமாகக் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். அப்போது சாவி ஆணியில் இருக்காது. அவர் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு மறுபடி இருக்கும். மணிச் சத்தத்தையும் ஆணியையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. இத்தனைக்கும் நான் குற்றவியல் படித்தவள். அதுவும் பள்ளியில் இருந்தபோதே, கல்லூரிக்குப் போய்ப் படித்தவள்.

அதுவும் ஒரு குழப்பத்தில் நடந்ததுதான். எண்பதுகளின் பின்பாதியில் நான் பிளஸ் ஒன் படித்தபோது, எங்கள் பள்ளிக்கும் தாம்பரத்தில் இருந்த ஒரு கல்லூரிக்கும் இடையே ஓர் ஏற்பாடு வந்தது. சனிக்கிழமை காலைகளில் எங்களில் சிலர் அங்கே போய், முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து ஏதாவது ஒரு பாடம் கேட்கலாம். கடைசியில் பரீட்சையும் சான்றிதழும் உண்டு. எல்லோரும் கம்ப்யூட்டருக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு பெயர் கொடுத்தார்கள். அட்டெண்டன்ஸ் வரிசைப்படி கூப்பிட்டதால் என் முறை வரும்போது இரண்டே பாடங்கள் மிச்சமிருந்தன: தேனீ வளர்ப்பு, ‘குற்றவியல் நீதி: ஓர் அறிமுகம்’. நான் தேனீக்குப் பயந்து குற்றத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வீட்டில் யாருக்கும் இது என்ன படிப்பு என்று புரியவில்லை. தினமும் மின்சார ரயிலில் கோட்டைக்குப் போய் வந்த குமாஸ்தாவான அப்பா, மகள் ஜட்ஜ் ஆவதற்கு இது முதல் படி என்று ஆபீசில் சொல்லிவிட்டார். போலீஸ் வேலைக்குத்தான் தயார் செய்கிறார்கள் என்று அம்மா பயந்தாள். பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏண்டி, கிரிமினலுக்குப் படிக்கிறியாமே?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். எனக்கு அழுகையாக வந்தது. அது என்ன படிப்பு என்று கேட்டிருந்தாலும் எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

வகுப்பு எடுத்த சார் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, எங்கள் முகங்களைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிடுவார். எங்கிருந்தோ பழைய தமிழ்த் தீர்ப்புகளின் நகல்களைக் கொண்டுவந்து, பெயர்களை மையால் அடித்துவிட்டுப் படிக்கக் கொடுத்தார். முதல் பக்கத்திலேயே நான் தடுக்கி விழுந்தேன். ‘எதிரி வீட்டின் பின்பக்கமாக வந்ததாகவும்’ என்று இருந்தது. எனக்குத் தெரிந்த எதிரிகள் எல்லாம் சரித்திரப் பாடத்தில் யானை மேல் வருகிறவர்கள். இந்த எதிரி கோழி திருடியவர். கையைத் தூக்கி, “யாருக்கு எதிரி, சார்?” என்று கேட்டேன். கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். “குற்றம் சாட்டப்பட்டவரை நம்ம கோர்ட்ல அப்படித்தான்மா எழுதுவாங்க. விரோதின்னு எடுத்துக்காத, எதிர்ல நிக்கிறவர்னு வெச்சுக்கோ” என்றார் சார். அப்போதைக்குத் தலையாட்டினேன். எதிரில் நிற்பவர் எல்லாம் எதிரி என்றால் சாரும் எனக்கு எதிரிதானே என்று வீடு வரும் வரை யோசித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, எங்கள் வீட்டுக்கே ஒரு எதிரி வந்து சேர்ந்தார்.

மாமா எலக்ட்ரீஷியன். சட்டைப்பையில் எப்போதும் கலர் கலராக வயர் துண்டுகள் கிடக்கும். அதில் எனக்கு வளையல் முறுக்கித் தருவார். அம்மா எதிரிலேயே நின்றாலும், “இன்னா பாப்பா, அக்கா வூட்ல கீதா?” என்று என்னைத்தான் கேட்பார். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அவள் வேறு யாரிடமும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர்களுடைய அப்பா செம்பாக்கம் ஏரிப் பக்கம் பயிர் வைத்தவர். அந்த நிலத்தை மனை போட்டு விற்றாயிற்று. அதே மனையில் புதிதாக எழுந்த ஒரு வீட்டுக்குத்தான் மாமா வயரிங் செய்யப் போயிருந்தார். “நம்ம நெலத்துல நமக்கே கூலி குடுக்கிறாங்க, பாரேன்” என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டு அம்மாவிடமும் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு தங்கச் சங்கிலி காணாமல் போனபோது அவர்களுக்கு முதலில் அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்திருக்கிறது. வேலை இல்லாத நாளில் அவர் அந்தப் பக்கம் வந்ததைப் பார்த்ததாகப் பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் சொன்னார். போதாக்குறைக்கு அதே வாரம் மாமா புது சைக்கிள் வாங்கியிருந்தார். பச்சை நிறம், பெரிய மணி. சீட்டு எடுத்த காசு என்றார்.

அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அப்பா வக்கீல் பார்த்து ஜாமீனில் எடுத்தார். அம்மா தெருவில் யார் வாயைத் திறந்தாலும் சண்டைக்குப் போனாள். “எங்க பொறப்புல அந்தப் புத்தி கிடையாது” என்று அவள் கத்தியது ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும். ஆனால் ஒரு நாள் மாலை சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என்னைக் கேட்டாள்: “நீதான் காலேஜுக்குப் போய் இதையே படிக்கிறியே. சொல்லு. எடுத்தானா, இல்லையா?”

நான் படித்ததைச் சொன்னேன். குற்றம் நிரூபிக்கப்படும் வரை யாரும் நிரபராதிதான் என்றேன். பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைத்திருக்கும்.

“அது கோர்ட்டுக்கு. எனக்கு?” என்றாள் அம்மா.

அடுத்த சனிக்கிழமை இந்தக் கேள்வியைச் சாரிடமே கொண்டுபோனேன். மாமா பெயரையெல்லாம் சொல்லவில்லை. “சார், ஒருத்தர் நிஜமாவே தப்பு பண்ணாரா இல்லையான்னு எந்தப் பாடத்துல வரும்?” என்று கேட்டேன். பையன்கள் வழக்கம்போல் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, “நிரூபிச்சாங்களா இல்லையான்னுதான்மா வரும். நீ கேக்கறது இந்தப் பாடத்துல வராது” என்றார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. போலீஸ், கோர்ட், ஜெயில் என்று ஒன்று விடாமல் படம் போட்டு, அம்பு போட்டு விளக்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயம் மட்டும் பாடத்தில் இல்லை. தேனீயே வளர்த்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தீபாவளிக்கு மாமா வந்திருந்தார். அம்மா உள்ளே இருந்த நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “பாப்பா, கோர்ட்டு பேப்பர்ல என்னிய எதிரின்னு போட்டுக்கிறாங்களே, நான் யாருக்கு எதிரி?”

“எதிர்ல நிக்கிறவர்னுதான் மாமா அர்த்தம். வேற ஒண்ணும் இல்ல.”

“அப்ப சரிதான். நின்னுகினுதான கீறேன்” என்றார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, “இங்கயும்தான்” என்றார்.

நீ எடுத்தாயா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார். அதை நம்பித்தான் தீர வேண்டும். நம்ப முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான். எனக்கு வயர் வளையல் முறுக்கித் தந்தவர் அவர். சங்கிலி போன வீட்டுப் பரணில் தனியாக ஏறி வேலை பார்த்தவரும் அவர். இரண்டு பேரையும் ஒரே ஆளாக என்னால் நினைக்க முடியவில்லை.

பரீட்சை எழுதினேன், முதல் வகுப்பில் தேறினேன். சான்றிதழை அம்மா மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி அன்றைக்கும் ஆணிக்குத்தான் போனது.

தீர்ப்பு வந்தபோது நான் நிஜமாகவே கல்லூரியில் சேர்ந்துவிட்டேன், கணக்குப் படிக்க. கணக்கில் விடை உண்டு என்பதுதான் காரணம். அம்மா, அப்பா, நான் மூவரும் கோர்ட்டுக்குப் போயிருந்தோம். வாட்ச்மேனுக்குத் தான் பார்த்த நாள் எது என்று கடைசிவரை சொல்லத் தெரியவில்லை. சங்கிலியும் கிடைக்கவில்லை. ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறேன்’ என்று தீர்ப்பாயிற்று. அந்த வரியை நான் சனிக்கிழமைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அப்பா வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும் முழித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் கேட்டாள். “சந்தேகம்னாங்களே, யாருக்கு?”

“ஜட்ஜுக்கும்மா. சந்தேகம் இருந்தா விட்டுடணும்னு சட்டம்.”

“அப்ப அவருக்கும் தெரியல.”

“பலன்னா நல்லதும்மா. மாமாவுக்கு நல்லதுதான் குடுத்திருக்காங்க.”

“நல்லதுன்னா சந்தேகமில்லாம குடுத்திருக்கலாமே” என்றாள் அம்மா. இரண்டு சீட் தள்ளி மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இது அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாவி ஆணியிலிருந்து இறங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வழக்கு நடந்தபோதெல்லாம் தம்பிக்காக ஊரோடு சண்டை போட்டவள், அவர் விடுதலையான பிறகு சாவியை எடுத்து ஒளித்தாள். இதை எந்த வழியில் யோசித்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது.

கல்யாணமாகி, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் மத்தியானம் அம்மா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் மாமா பச்சை சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். ஹேண்டில்பாரில் ஒரு பை கொய்யாப்பழம். மணியை நீளமாக அடித்தார். ஆனால் நகரவில்லை.

“ஏன் மாமா நிக்கிறீங்க? வாங்க, போலாம்.”

“நீ போ பாப்பா. அக்காவுக்கு உள்ள எதுனா வேல இருக்கும். முடிக்கட்டும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை விட்டுவிட்டு வேகமாக நடந்து வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மாமா மணி அடித்தது வருகிறேன் என்று சொல்வதற்காக அல்ல. அக்கா சாவியை எடுத்து வைக்க நேரம் கொடுத்திருக்கிறார். எடுப்பதைத் தான் பார்த்துவிடக் கூடாது, பார்த்தால் அவள் கூசிப்போவாள் என்று இத்தனை வருடமும் வெயிலிலும் மழையிலும் முனையில் நின்றிருக்கிறார். அம்மாவுக்கும் அது தெரிந்திருக்குமோ என்னவோ.

அன்றைக்கு ராத்திரி முழுக்க என் தலைக்குள் சனிக்கிழமை வகுப்பு நடந்தது. எடுத்தவராக இருந்தால்தான் இப்படிக் குறுகிப்போய் நிற்பார் என்று ஒரு பக்கம் தோன்றியது. எடுத்தவர் எதற்குத் திரும்பத் திரும்ப அக்கா வீட்டுக்குக் கொய்யாப்பழத்தோடு வர வேண்டும் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. எடுக்காதவர் கோபப்பட்டிருக்க மாட்டாரா? கோபப்படாத அளவுக்குப் பிரியமா? எந்தப் பக்கத்தையும் என்னால் முடித்து வைக்க முடியவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. சைக்கிளும் போய்விட்டது. மாமா ஷேர் ஆட்டோவில் வந்து முனையில் இறங்கி, அம்மாவின் செல்போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, நின்றுவிட்டு வருகிறார். சாவியை எடுத்து வைப்பதற்காகவே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். போன மாதம் நான் அங்கே இருந்தபோது போன் அடித்து நின்றது. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த காம்பை எடுத்தாள். நான் எழுந்து எடுத்து வைக்கலாமா என்று பாதி எழுந்தேன். எதற்காக எழுகிறேன் என்று எனக்கே தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு காலை வைத்தவர், நிமிர்ந்ததும் ஆணியில் சாவியைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்றார். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

“இன்னாக்கா, போன் அடிச்சேனே. கேக்கலியா?”

“கேட்டுச்சுடா. உள்ள வா” என்றாள் அம்மா.

முழங்கால் வலியால் எழுந்திருக்கவில்லையா, வேறு ஏதாவதா என்று நான் அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் முழங்கால் என்பாள். சந்தேகத்தின் பலனை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். டம்ளர்களோடு திரும்பி வந்தபோது, இத்தனை வருடமும் கதவை ஒட்டிய நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்துவிட்டுப் போகிற மாமா, தரையில் அம்மாவுக்கு நேர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாவி அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது.