அவர்கள் பெயரில் நான் எழுதிய தேர்வுகள்

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுதப் படித்தவன் நான். ஆறாவது படிக்கும்போதே என் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். திருட்டுத்தனமாகப் போடவில்லை. அப்பா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டே, "நீயே போட்டுடு. நான் ரேகை வச்சா உங்க வாத்தியாரு சிரிப்பாரு" என்றார்.

கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் ரேஷன் கார்டு மனு, முதியோர் பென்ஷன் மனு எதுவானாலும் என்னிடம் வந்தது. செட்டிகுளத்துக்குப் போய் பாரம் வாங்கி வருவார்கள், நான் நிரப்புவேன். 'இப்படிக்கு' என்று போட்டு அவர்கள் பெயரையும் நானே எழுதிவிடுவேன். உதவி செய்கிறேன் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் எனக்குத் தோன்றியதில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் இரண்டாயிரத்து ஆறில் வேலைக்குப் போனேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ரோட்டோரம் புதிதாகக் கட்டிய கல்லூரி. எம்.சி.ஏ. முடித்த சூட்டோடு எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் நிர்வாகம் ஒரு பெங்களூர் கம்பெனியிடமிருந்து இணையவழிப் பாடம் வாங்கியிருந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் உள்ளே நுழைந்து பாடம் பார்க்க வேண்டும். கடைசியில் ஐந்து மாதிரித் தேர்வு. ஒவ்வொன்றிலும் முப்பது கேள்வி, ஒரு மணி நேரம். ஒரு தேர்வை ஒரு தடவைதான் எழுத முடியும்.

மூன்றாம் வருஷத்தில் நாற்பத்தெட்டுப் பேர். எல்லோருக்கும் கணக்கு திறந்து கொடுத்தது நான்தான். மறந்துவிடுவார்கள் என்று ரோல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்தேன்.

லேப்பில் பன்னிரண்டு மெஷின். அதில் ஒன்பது ஓடும். சுண்ணாம்புக்கல் லாரி மோதி டெலிபோன் கம்பம் சாய்ந்தால் நான்கு நாளைக்கு லைன் வராது. லைன் இருக்கிற நாளில் கரண்ட் போகும். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு மூன்று பேர். அவர்களில் யார் கை முந்துகிறதோ அவர்களிடம் மவுஸ். மற்ற இரண்டு பேரும் சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போது பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, தன் கம்ப்யூட்டரில் மூன்றாம் வருஷத்துப் பட்டியலைக் காட்டினார். முடித்தவர் பெயருக்கு நேரே பச்சை, முடிக்காதவருக்குச் சிவப்பு. முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"என்ன சார் இது, மொளகாப்பழம் காயப்போட்ட மாதிரி இருக்கு?"

"மெஷின் பத்தலீங்க சார். லைனும்..."

"அதெல்லாம் எனக்கும் தெரியும் சார். அவங்க வரப்ப பச்சையா இருக்கணும். எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் சனி, ஞாயிறு பகலில் லேப்பைத் திறந்து தனியாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு ரோல் நம்பராக உள்ளே போய் ஐந்து தேர்வையும் எழுதினேன். கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. நாலைந்து பேருக்கு எழுதியதும் விடைகள் மனப்பாடமாகிவிட்டன. சந்தேகம் வராமலிருக்க மார்க்கை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன். சோம்பேறிக்கு இருபது, சுமாராகப் படிக்கிறவனுக்கு இருபத்திரண்டு. யாருக்கு எவ்வளவு என்று யோசிப்பது பிடித்துக்கூட இருந்தது. பாவம், மெஷின் கிடைக்காத பிள்ளைகள் என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

அடுத்த வாரமே இன்னொரு தகவல் வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று திருச்சியில் ஆள் எடுக்கிறது. தேர்வு கம்ப்யூட்டரிலேயே, நம் மாதிரித் தேர்வு போலவே இருக்கும். வருகிற சனிக்கிழமை. ஆய்வு அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.

அன்று சாயங்காலம் மூன்றாம் வருஷப் பெண்கள் இரண்டு பேர் லேப்புக்கு வந்தார்கள். ஒருத்தி மீன்சுருட்டிப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் முந்திரிக் கூலி வேலை. அரியலூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். அவளும் என் மாதிரிதான், அவள் வீட்டில் அவள்தான் முதல். லேப்பில் அவள் கை மவுஸ்மேல் இருந்து நான் பார்த்ததில்லை. கூட வந்தவள் அவள் சிநேகிதி, மவுஸை விடாதவள்.

"சார், நான் அஞ்சே முக்கால் பஸ்ஸுக்குத்தான் போவேன். அதுவரைக்கும் அந்த மாதிரி டெஸ்ட எழுதிப் பாக்கட்டுங்களா? செலக்ட் ஆனா சென்னை. இல்லேன்னா பரிச்ச முடிஞ்சதும் அக்கா கூட திருப்பூரு பனியன் கம்பெனின்னு அப்பா சொல்லிட்டாருங்க."

என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மீன்சுருட்டிப் பெண் ரோல் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் முடிச்சிட்டேன்னு வருதுங்க. முப்பதுக்கு இருபத்தெட்டு."

பக்கத்து மெஷினில் தன் நம்பரைப் போட்டுப் பார்த்த சிநேகிதி எட்டிப் பார்த்தாள். "ஏய், குடுத்தத வாங்கி வச்சுக்கடி. எனக்கு இருபத்திரண்டுதான் போட்ருக்கு. மவுஸு புடிச்சவளுக்கு மரியாதையே இல்ல."

"நான் எழுதவே இல்லீங்களே சார்."

"சர்வர்ல ஏதோ கோளாறும்மா. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

கோளாறு எதுவும் இல்லை. பெங்களூருக்கு ஒரு மெயில் போட்டால் அவள் கணக்கை அழித்துப் புதிதாகத் திறந்துவிடுவார்கள். ஆனால் பிரின்சிபால் சம்மதம் வேண்டும். மறுநாள் போய் நின்றேன்.

"ஒரு பொண்ணுக்கு மட்டும் திறந்து விடலாங்களா சார்?"

"திறந்தா சிவப்பாயிடுமா?"

"ஆமாங்க சார்."

"ஒண்ணு சிவப்பானா, அது ஏன் ஆச்சுன்னு கேப்பான். செவ்வாக்கெழம முடியட்டும், அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

செவ்வாய்க்கு முன்னால் சனி வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இந்த வேலை எனக்குக் கிடைத்த நாளில் அப்பா பாடாலூர் வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டார். அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சாக்காகச் சொல்லக் கூடாதுதான்.

அதற்குப் பதிலாக ஒரு வழி செய்தேன். ஆசிரியர் கணக்கில் தேர்வு எழுத முடியாது, கேள்விகளைப் பார்க்கலாம்; என் கணக்கிலிருந்து அவற்றைப் பிரிண்ட் எடுத்து அவளிடம் கொடுத்தேன். மூன்று நாள் சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் எழுதினாள். கடைசி நாள் முப்பதுக்கு இருபத்தாறு. எனக்கு நிம்மதி. அவள் கிளம்பும்போது, ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குச் சொல்லித் தந்ததை நானும் சொன்னேன்: "தெரியாததுல நிக்காத. விட்டுட்டுப் போ. தெரிஞ்சத மொதல்ல முடிச்சிட்டு, அப்புறம் திரும்பி வந்து அத பாத்துக்க."

"சரிங்க சார்" என்றாள்.

திங்கட்கிழமை வராந்தாவில் நின்றிருந்தாள். கிட்டே போனதும் அவளாகவே சொன்னாள்.

"விட்டுட்டுப் போனது திரும்ப வரலீங்க சார்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"ஒம்போது கேள்விய விட்டுட்டுப் போனேன். எல்லாமே போட்டுப் பாத்தா வரக்கூடிய கணக்குதான், கொஞ்சம் நேரம் புடிக்கும்னு விட்டேன். கடைசிக்குப் போயிட்டு பின்னாடி வரப் பாத்தா வழியே இல்ல. அங்க நின்னுட்டிருந்த சாரக் கேட்டேன். ஒரு தடவ தாண்டினா தாண்டினதுதான், மொதப் பக்கத்துலயே போட்ருக்கே, படிக்கலியான்னாரு. இருவது நிமிஷம் மிச்சம் இருந்துச்சு சார். சும்மா உக்காந்திருந்தேன்."

நம் மாதிரித் தேர்விலும் அது முதல் பக்கத்தில்தான் இருந்தது. முதல் ரோல் நம்பருக்கு எழுதும்போது ஒரு தடவை படித்திருந்தேன். அதற்கப்புறம் இருநூற்று சொச்சம் தடவை அந்தப் பக்கத்தைப் படிக்காமலே 'சரி' அழுத்திப் போயிருக்கிறேன். விடை தெரிந்தவனுக்குப் பின்னால் திரும்பி வரவேண்டிய வேலையே இல்லை. அதனால் அது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரே ஒரு மாதிரித் தேர்வை அவள் கையால் எழுதியிருந்தால் அவளுக்கு உறைத்திருக்கும்.

"உன் கணக்குல அந்த டெஸ்ட எழுதினது நான்தாம்மா. சர்வர் கோளாறுன்னு சொன்னது பொய்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மாறவில்லை.

"எல்லாருக்குமேவா சார்?"

"எல்லாருக்கும்."

"எனக்கு ஏன் இருபத்தெட்டு போட்டீங்க?"

"நீ அவ்வளவு வாங்குவன்னு தோணுச்சு."

"நானே எழுதியிருந்தா எவ்வளவுன்னு தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் பச்சைப் பட்டியலைப் பார்த்தார்கள். ஒருவர், "கிராமத்துப் பிள்ளைங்களுக்கு இது பெரிய விஷயம்" என்று என் கையைக் குலுக்கினார். பிரின்சிபால் வந்தவர்களை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். நான் லேப்பிலேயே இருந்தேன்.

அன்று மத்தியானமே பெங்களூருக்கு மெயில் போட்டேன். இரண்டு நாளில் அவள் கணக்கு சிவப்பானது. சொல்லி அனுப்பியபோது வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். இந்தத் தடவை சிநேகிதியைக் கூட்டி வரவில்லை. ஒரு தேர்வு எழுதினாள், முழுதாக ஒரு மணி நேரம். முதல் பக்கத்தை உதடு அசைத்துப் படித்தாள். எந்தக் கேள்வியையும் விடாமல் நின்று நின்று போனாள். மவுஸ் கேபிளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள், நழுவிவிடும் என்பதுபோல. நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

பத்தொன்பது.

"பாஸ் மார்க் எவ்வளவு சார்?"

"பதினெட்டு."

தலையை ஆட்டினாள். மீதி நான்கு தேர்வை எழுதப்போகிறாளா என்று கேட்டேன். "எதுக்குங்க சார்?" என்றாள். அதில் நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த மே மாதம் அக்காவோடு திருப்பூர் போய்விட்டதாகச் சிநேகிதிதான் சொன்னாள்.

மற்ற நாற்பத்தேழு பேரும் பச்சையாகவே இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது தெருவில் ஒரு பெரியவர் பென்ஷன் மனுவோடு வந்தார். நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை அவர் பக்கம் நீட்டினேன்.

"எனக்கு என்ன தம்பி தெரியும்? எப்பவும் போல நீயே போட்டுடு" என்றார்.

அவர் ரேகை வைக்க மை டப்பா எடுத்துவர உள்ளே போனேன்.