டிராக்டருக்குக் கட்ட வேண்டிய காப்பு

செபாஸ்தியானைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்லுங்கள் என்றால் களமருதூரில் யாரும் சற்று யோசிப்பார்கள். உழவு நன்றாக ஓட்டுவார். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், மாட்டிக்கொண்டால் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் நிற்பார். கோபம் வந்தால் மனிதர்களைத் திட்டாமல் டிராக்டரைத் திட்டுவார். இதற்கு மேல் ஊருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு நாள் மாரியம்மனை ஊர்வலமாக இழுத்து வருகிறவர் அவர்.

மரத்தேரின் அச்சு முறிந்துபோன வருஷத்திலிருந்து அம்மன் டிரெய்லரில்தான் வருகிறாள். மாதா கோயிலும் மாரியம்மன் கோயிலும் நடுவில் ஒரு நெற்களத்தை வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக இருக்கின்றன. அந்தக் களத்தில்தான் எல்லாரும் நெல் காயவைக்கிறார்கள். ஆடியில் கூழ் ஊற்றுவதும், மாதா திருநாளில் ஊருக்குச் சோறு போடுவதும் அங்கேதான். களத்து முக்கில் டிரெய்லரைப் பின்னால் எடுத்துத் திருப்புவது சாமானிய வேலை இல்லை. செபாஸ்தியானால் முடியும். ஒரு கிறிஸ்தவர் அம்மனை இழுப்பதைப் பற்றி ஊரில் யாரும் பேசியதில்லை. இதை உயர்ந்த மனம் என்று உடனே புகழ்ந்துவிடத் தோன்றவில்லை. திருப்பத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான், அவ்வளவுதான். பல நல்ல ஏற்பாடுகள் இப்படித்தான் தொடங்குகின்றன போலிருக்கிறது.

இந்தச் சித்திரையில் காப்புக் கட்டு செவ்வாய்க்கிழமை வந்தது. பூசாரி கொளஞ்சியப்பன் செபாஸ்தியானோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அன்றைக்குப் புகையில் கண் எரிகிறதென்று கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார். பம்பை முழங்கியது. ஆண்கள் வரிசையாகக் கையை நீட்ட, மஞ்சள் கிழங்கு கோத்த நூலை மணிக்கட்டு மணிக்கட்டாகக் கட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் டிராக்டர். அதற்கும் ஒரு காப்பு உண்டு, ஸ்டீயரிங்கில் கட்டுவார்கள். செபாஸ்தியான் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். அதுவரை மணிக்கட்டுகளாகவே கட்டிப் பழகிவிட்ட கை, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அதைப் பிடித்திருந்த மணிக்கட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டது.

பம்பை நின்றது.

"டேய் கொளஞ்சி, இன்னாடா பண்ணிட்ட?"

"நீ ஏன்டா கைய இழுக்கல?"

"சாமி காரியம் பண்ணிக்கினு இருக்கும்போது வெடுக்குன்னு இழுத்தா நல்லாவாடா இருக்கும்?"

பம்பைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அவ்ளோதான். இனிமே டிராக்டரு எங்க வேணா போவலாம். டிரைவருதான் எல்லையத் தாண்டக் கூடாது."

கூட்டமே சிரித்தது. செபாஸ்தியானும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அவர் முகம் மாறியது. திங்கட்கிழமை அவர் மகள் ஜூலியாவுக்குச் சின்னசேலத்தில் கல்யாணம். தேர் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. காப்பு கட்டிய கை தேர் முடியும்வரை ஊர் எல்லையைக் கடக்கக் கூடாது. மற்றவர்கள் வெளியூர் போய் வரலாம். காப்பு கட்டியவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

வீட்டில் மார்கரெட் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"காட்டு கைய."

"வேணாம்."

"இன்னா, அம்மன்கிட்ட பயம் வந்துடுச்சா ஒனக்கு?"

"அம்மன்கிட்ட இல்ல. நாளைக்கு ஒரு கொழந்தைக்கு அம்மை போட்டுச்சின்னு வையி. என்னைய ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குவாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம் நான் அந்தக் களத்துல எப்படி நெல்லு கொட்டறது?"

ஜூலியா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் யாரு கையப் புடிச்சிக்கினு கோயிலுக்குள்ள போறது? டிராக்டரு சும்மாதான இருக்குது, அத்தக் கூட்டிக்கினு போவட்டா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அழுதாள். அப்பா இல்லாமல் உள்ளே காலடி வைக்க மாட்டேன் என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை கொளஞ்சியப்பன் வந்தார். பின்னாலேயே அவர் மனைவி செவ்வந்தி.

"தப்பு என்னுதுதான்டா. கண்ணாடி போட்டிருந்தா இந்த வம்பே இல்ல."

"கைய வச்சிக்கினு இருந்தது நான்தானடா. தப்பு என்னுது."

"டேய், பூசாரி நானா நீயா? தப்பு யாருதுன்னு நான்தான் சொல்லணும்."

தப்பைப் பங்கு போட முடியாமல் இருவரும் கத்திக்கொண்டார்கள். ஆனால் வழி பிறக்கவில்லை. சாவு விழுந்தால் ஒழிய காப்பை அவிழ்ப்பதில்லை. கல்யாணத்தைக் களமருதூருக்கே மாற்றலாமென்றால், காப்பு கட்டியபின் ஊருக்குள் தாலி ஏறக் கூடாது. அந்த நூல் அவரை வெளியேயும் விடவில்லை, கல்யாணத்தை உள்ளேயும் விடவில்லை.

"பூக் கேட்டுப் பாத்துடலாம்" என்றாள் செவ்வந்தி.

அம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. மனதில் பாரம் இருக்கிறவர்தான் எடுக்க வேண்டும் என்று செவ்வந்தி மார்கரெட்டை முன்னால் தள்ளினாள்.

"நானாக்கா?"

"பின்ன, ஒம் பொண்ணுக்கு எம் புருசனா எடுப்பான்?"

மார்கரெட் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். 'செபாஸ்தியான் எல்லை தாண்டிப் போகலாமா தாயே' என்று கொளஞ்சியப்பன் கேட்டார். மார்கரெட் எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

செபாஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டார். கொளஞ்சியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். சிவப்புதான். செவ்வந்தி புருஷனை முறைத்தாள்.

"இன்னா கேள்வி கேட்ட நீ? திருவிழா வச்சிக்கினு, வூட்டு ஆளு ஒருத்தன் வெளிய போவலாமான்னு கேட்டா எந்தத் தாயி போடான்னுவா? அவள வுட்டுட்டு நாமெல்லாம் கல்யாணச் சோறு திங்கறதா? கூட வரியான்னு கேளு."

"கல்யாணத்துக்கா?"

"ஏன், அவளுக்கு மட்டும் ஆச இருக்காதா?"

அம்மன் கரகத்தில் இறங்கிப் புறப்பட்டால் அவள் இருக்கிற இடம்தான் எல்லை. காப்பு கட்டியவர்கள் கரகத்தோடு ஆற்றுக்குப் போய் வருவது உண்டு. சின்னசேலம்வரை அந்த எல்லையை யாரும் இழுத்துப் பார்த்ததில்லை. கொளஞ்சியப்பன் கேள்வியை மாற்றிக் கேட்டார். மார்கரெட் மறுபடி எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

செவ்வந்தி போட்ட குலவையில் களத்தில் நெல் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் பறந்தன. கேள்வியை மாற்றிக் கேட்டு வாங்கிய சம்மதம் சம்மதமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். அந்தக் கேள்வி களமருதூரில் யாருக்கும் எழவில்லை. முதல் கேள்வியில்தான் குற்றம் என்று ஊர் முழுக்க ஒத்துக்கொண்டது.

திங்கட்கிழமை விடியலில் வேன் கிளம்பியது. முன்சீட்டில் கொளஞ்சியப்பன், மடியில் அம்மன் இறங்கிய கரகம், வேப்பிலை சொருகிய பித்தளைச் சொம்பு. பின்னால் பட்டுப்புடவையில் ஜூலியா. எல்லைக் கல் வந்தபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். செபாஸ்தியான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கள்ளக்குறிச்சி தாண்டும்போது யாரோ பாட்டுப் போட்டார்கள்.

சின்னசேலம் கோயில் வாசலில் கொளஞ்சியப்பன் தயங்கி நின்றார். அங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஃபாதர் சொம்பைப் பார்த்தார்.

"யாருங்க இது?"

கொளஞ்சியப்பன் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "எங்க ஊரு அம்மாங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க" என்றார்.

ஃபாதர் ஒரு நிமிடம் அந்தச் சொம்பையும், செபாஸ்தியானின் மணிக்கட்டையும், ஜூலியாவின் முகத்தையும் பார்த்தார். "வெயில்ல நிக்காதீங்க. வராண்டாவுல ஃபேன் இருக்குது, அங்க ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாப்பிள்ளை ஆல்பினின் அம்மா எங்கிருந்தோ இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஒன்று கொளஞ்சியப்பனுக்கு, ஒன்று சொம்புக்கு.

பாட்டு தொடங்கியது. செபாஸ்தியான் கையை நீட்டினார். ஜூலியா பிடித்துக்கொண்டாள். மஞ்சள் காப்பும் கல்யாண வளையல்களும் ஒன்றோடொன்று உரச, வாழ்நாளெல்லாம் கடைசி வரிசையில் நின்றவர், எல்லாரும் திரும்பிப் பார்க்க, நடுப்பாதையில் பீடம்வரை நடந்தார். நடக்கும்போது அவருக்கு எந்தத் தத்துவமும் தோன்றவில்லை. புதுச் செருப்பு கடித்தது, மகளின் கை சூடாக இருந்தது, போதும் என்றிருந்தது.

பூசை முழுக்க, உள்ளே ஆட்கள் எழுந்தபோதெல்லாம் வராண்டாவில் கொளஞ்சியப்பனும் சொம்போடு எழுந்தார், உட்கார்ந்தபோதெல்லாம் உட்கார்ந்தார். சாப்பாட்டில்தான் சிக்கல். காப்புக் காலத்தில் கறியும் ஆகாது, தாளித்ததும் ஆகாது. "தாளிக்காத சாம்பாரா? அதுக்கு வெந்நீர் ஊத்திக்கினு சாப்புடலாமே" என்று சமையல்காரர் பதறினார். கடைசியில் ஊர்க்காரர்கள் தயிர்ச்சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் பிரியாணியை அவர்கள் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் வம்பிழுத்தார்கள். செவ்வந்தி பதிலுக்குப் பதில் கொடுத்தாள்.

இருட்டுவதற்குள் அம்மன் ஊர் சேர வேண்டும். மார்கரெட் மகளோடு தங்கிவிட்டாள். வேன் ஏறியபின் செபாஸ்தியான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பெண்ணை விட்டுவிட்டு வருகிற தகப்பனை யாரும் தொந்தரவு செய்யவில்லை. தியாகதுருகம் தாண்டியதும் அவரே தொண்டையைச் செருமினார்.

"இன்னாடா கொளஞ்சி, அம்மாவுக்குக் கல்யாணம் புடிச்சிதாமா?"

கொளஞ்சியப்பன் மடியிலிருந்த சொம்பைக் குனிந்து கேட்பதுபோல் கேட்டார்.

"பாட்டெல்லாம் நல்லா இருந்திச்சாம்டா. ஆனா, ஒக்காரு எந்திரி, ஒக்காரு எந்திரின்னு ஒரே வேல வாங்கிட்டாங்க, இடுப்பு வுட்டுப் போச்சின்றா."

வேன் டிரைவருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது.