சின்னையா தேர்ந்தெடுத்த மணல்

எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் குளத்தில் என்னை இறங்க விட்டிருக்க மாட்டார்கள். கோலாலம்பூரில் துரைமார் கிளப் ஒன்றில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தேன். குளம் அவர்களுடையது. அதன் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்தவர் சின்னையா. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்போது நான் அவரை நீ, வா, போ என்றுதான் அழைத்தேன். இன்று எழுத உட்காரும்போது மரியாதை தானாக வருகிறது. வந்து என்ன பிரயோஜனம்?

சின்னையா முன்பு ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் கூலி லயத்தில் குடியிருந்தவர். கிளப்பில் குளம் வெட்டியபோது மண் சுமக்க வந்தார். இயந்திரம் பொருத்த வந்த துரை, ஒரு தடவை காட்டியதை மறுதடவை கேட்காமல் இவர் செய்வதைப் பார்த்துவிட்டு, பில்டர் கொட்டகையை இவரிடம் ஒப்படைத்துப் போனார். கொட்டகையை ஒட்டி ஓர் அறையும் கிடைத்தது. அவரும் அவர் மனைவி மாரியாயியும் அதில் இருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை.

கொட்டகைக்குள் தோம்பு என்று நாங்கள் சொல்லும் ஆளுயர இரும்புப் பீப்பாய்கள் இரண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் அடியில் கூழாங்கல், அதன்மேல் பொடிக்கல், அதன்மேல் இடுப்பளவு மணல். பம்பு குளத்துத் தண்ணீரை உறிஞ்சி மணலின் தலையில் விடும். அழுக்கு மணலில் தங்கிவிடும், தெளிந்தது அடிவழியாகக் குளத்துக்குத் திரும்பும். கொஞ்சம் படிகாரம் கரைத்து விட்டால் கண்ணுக்குத் தெரியாத தூசியும் திரண்டு பிடிபடும். மணல் அடைத்துக்கொண்டால் அழுத்தம் காட்டும் முள் ஏறும். உடனே குழாய்களைத் திருப்பி, தண்ணீரை அடியிலிருந்து மேலே விட்டு, மணலைப் புரட்டிக் கழுவி, அழுக்கைச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும். துரைமார் தலையில் தடவும் எண்ணெயும் உடம்பு வேர்வையும் எச்சிலும் எப்படி நாறும் என்று அந்தச் சாக்கடை ஓரம் நின்றவனுக்குத்தான் தெரியும்.

குளத்தின் ஆழமான பக்கத்தில் சின்னையா ஒரு பீங்கான் சாஸரைப் போட்டு வைத்திருந்தார். கரையிலிருந்து பார்த்தால் அதன் விளிம்பில் ஓடும் நீலக்கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மாரியாயி தட்டைத் தூக்கிக்கொண்டு குளக்கரைக்கே வந்து சண்டை போடுவாள்.

அந்த மாரியாயிக்குக் கன்னத்தில் ஒரு வெளுப்பு வந்தது. பிறகு காதுமடல் தடித்தது. பெருவியாதி, குஷ்டம்தான் என்று ஆஸ்பத்திரி டிரெசர் சொல்லிவிட்டார். அந்த வியாதிக்காரர்களை ஊருக்குள் விடாத காலம் அது. ஒரு நாள் காலையில் லோரி வந்து அவளைச் சுங்கை பூலோ குடியிருப்புக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. நல்ல வேளையாக அப்போது அவள் காப்பாரில் தன் அக்காள் வீட்டில் இருந்தாள், லோரி அங்கேதான் வந்தது. கிளப்பில் யாருக்கும் தெரியாது. மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சின்னையா எல்லாரிடமும் சொன்னார். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது, கடிதங்களை என் பெயருக்குத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது.

அங்கே யாரையோ பிடித்து அவள் எழுதச் சொல்லி அனுப்புவாள். ஒவ்வொரு கடிதத்திலும் அதே செய்திதான். மாதத்தின் முதல் ஞாயிறு பார்க்க விடுகிறார்கள். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் போதும்.

நான் வாசித்து முடித்ததும் சின்னையா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

"போவலாமா கிராணியாரே?"

"போகாதே. அங்க வாசல் கேட்டுல பேரு, வேலை செய்யிற எடம் எல்லாம் எழுதிக்குவாங்க. துரைக்குத் தெரிஞ்சா உன்னை இந்தத் தண்ணிகிட்ட நிக்க விடுவானா? அடுத்த கப்பல்ல ஏத்திடுவான். அப்புறம் அவளுக்கு இந்த நாட்டுல யாரு இருக்கா?"

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. அதனால் நான் சொன்னது அவருக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் கேட்டில் அப்படி எழுதிக்கொள்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. கடிதத்தை வாங்கி வாசித்தவன் என்று என் பெயரும் அடிபடுமே என்ற பயம்தான் என்னை அப்படி நினைக்க வைத்தது. 'அடுத்த மாசம் வருகிறேன்' என்று பதினெட்டு மாதம் என் கையாலேயே பதில் எழுதினேன்.

இந்தச் சமயத்தில் தோம்பு மணலின் ஆயுள் முடிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, எவ்வளவு கழுவினாலும் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டது. பழைய மணல் சீமையிலிருந்து மூட்டையில் வந்தது. இனி அதெல்லாம் கட்டாது, இங்கேயே பார் என்று செக்ரட்டரி துரை சொல்லிவிட்டார். மாட்டுவண்டியில் சின்னையாவையும் ஏற்றிக்கொண்டு நான் மணல் பார்க்கப் புறப்பட்டேன்.

ஆற்று மணலை அவர் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிட்டார். அதில் இலை மக்கிய நாற்றம் இருந்தது. மோரிப் கடற்கரையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து காட்டிய மணலில் கொஞ்சம் சுக்காவை, சமையலுக்கு ஊற்றும் புளிக்காடியை, ஊற்றினார். புளித்த மாவு போல நுரைத்தது. கிளிஞ்சல் கலந்தது, கரைந்துபோகும் என்றார். கடைசியில் செராஸ் பக்கம் ஈயம் தோண்டும் ஓர் ஈயலம்பத்துக்குப் போனோம். ஈயத்தை எடுத்துக்கொண்டு கழித்துக் கொட்டிய மணல் அங்கே குன்று குன்றாகக் கிடந்தது. ஒரு குவியல் பழுப்பு, இன்னொன்று நல்ல வெள்ளை.

சல்லடையில் இரண்டும் ஒரே அளவாகத்தான் விழுந்தன. சீசாவில் போட்டுக் குலுக்கினால் இரண்டுமே சுத்தமாக அடங்கின.

"வெள்ளைதானே பார்க்க லட்சணமா இருக்கு?" என்றேன்.

"கண்ணை நம்பாதீங்க கிராணியாரே. ஈர மணலு எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். கெட்டிக் கல்லா, மாவுக் கல்லான்னு வெரலுதான் சொல்லும்."

வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து வெகுநேரம் தேய்த்தார். முதலில் பழுப்பு, பிறகு வெள்ளை. அன்றைக்கு நல்ல வெயில். அவர் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பொத்தானை மாட்டியிருந்தார். எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

"ரெண்டும் கெட்டிதான். வெள்ளையே எடுத்துக்குவோம்" என்றார்.

நான் ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன். மணல் வந்தது, தோம்பில் நிரப்பினார்கள். பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பதினோராம் நாள் சாஸரின் நீலக்கோடு மங்கியது. மறுநாள் சாஸரையே காணோம். படிகாரத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். மணலைக் கழுவக் கழுவக் கஞ்சித் தண்ணீராக வந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை ஒரு சீமாட்டி குளத்தில் முங்கினாள். எழும்பும்வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் புருஷன் போட்ட கூச்சலில் கிளப்பே கூடிவிட்டது.

நான் கோபத்தோடு கொட்டகைக்குப் போனேன். தோம்பின் மூடி திறந்திருந்தது. ஒரு பிடி மணலை அள்ளி விரலில் வைத்துத் தேய்த்தேன். பேனா பிடித்து மழுங்கிய என் விரலுக்கே தெரிந்தது. மணல் நறநறவென்று உடைந்து மாவாகிவிட்டது.

"இந்தா, தேய்ச்சுப் பாரு. இது கூடவா உனக்குத் தெரியல?"

சின்னையா வாங்கித் தேய்த்தார். "கல்லு மாதிரிதானே இருக்கு" என்றார். மறுபடி தேய்த்தார். பிறகு மெதுவாக இடது கைக்கு மாற்றித் தேய்த்தார். அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வலது கை விரல்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். இடது கை நகத்தால் அவற்றைக் கிள்ளினார். அப்புறம் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். அங்கே உள்ளங்கையளவு வெளுப்பு இருந்தது.

"படைன்னு நெனச்சேன்" என்றார். "இல்ல, அப்படி நெனைச்சுக்கிட்டேன்."

நான் இரண்டடி பின்னால் போனேன். அதை அவர் பார்த்தார்.

"கிராணியாரே, இன்னைக்கு வியாழன். வர்றது மொத ஞாயிறு. அது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒரே ஒரு தடவ, நல்ல மனுசனா வெளிய நின்னு அவளப் பாத்துட்டு வந்துடறேன். திங்கக்கெழம நானே டிரெசர்கிட்ட போயிடறேன். உங்க காலைத் தொட்டுக் கேக்கணும், ஆனா தொடக் கூடாது."

சரி என்றேன். சத்தியமாகச் சரி என்றுதான் சொன்னேன். ஆபீசுக்கு வந்து கார்பாலிக் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். நாலு மணிக்குச் செக்ரட்டரி துரை கூப்பிட்டார். இந்த மணலுக்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்று கேட்டார். தாளில் என் கையெழுத்து இருந்தது. எனக்கு வீட்டில் நாலு வயிறு. துரை இரண்டாவது கேள்வி கேட்கவில்லை, மிரட்டவில்லை, நானாக முந்திக்கொண்டு சொன்னேன். அந்த ஆளுக்கு விரலில் உணர்ச்சி இல்லை ஐயா, பெருவியாதி ஐயா, அதனால்தான் மணல் தப்பிப் போயிற்று ஐயா. மூன்று ஐயா போட்டு ஒரு மனிதரை முடித்துவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்து உறுதி செய்தார். தண்ணீர் வழியாகவோ மணல் வழியாகவோ இது தொற்றாது என்றும் அவர் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை. குளத்தை வற்றடித்து, சுவரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மணலைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவருடைய அறையைக் கொளுத்தினார்கள். சனிக்கிழமை காலையில் லோரி வந்தது. டாக்டர் கொடுத்த கடிதத்தை அங்கே ஒப்படைத்துவிட்டு வா என்று துரை என்னையும் ஏற்றிவிட்டார். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னையா பின்னால் தன் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வழி நெடுக அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சுங்கை பூலோ கேட்டில் ஒரு காவல்காரர் கடிதத்தை வாங்கிக்கொண்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. நாளைக்குப் பார்க்க வருகிறவர்களிடம் என்னென்ன எழுதி வாங்குவீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுத மாட்டோமே. யாரைப் பார்க்கணும்னு கேட்டுக் கூப்பிட்டு விடுவோம், அவ்வளவுதான்" என்றார்.

சின்னையாவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை.

இங்கே சொந்தக்காரர் யாராவது உண்டா என்று காவல்காரர் கேட்டபோது, மாரியாயி என்று சொன்னார். ஆள் அனுப்பினார்கள். அவள் வந்தாள். ஒரு காலில் கட்டு, விந்தி விந்தி ஓடி வந்தாள். முகம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. குரல் மட்டும் அதே குரல்.

"வந்துட்டீங்களா! நாளைக்குத்தானே பாக்குற நாளு? இன்னைக்கே விட்டுட்டாங்களா?"

சின்னையா தலையை ஆட்டினார்.

"லீவு குடுத்தாங்களா? கிராணி ஐயாவையும் கூட்டியாந்திருக்கீங்க. எளச்சுப் போயிட்டீங்களே. மரவள்ளிக் கெழங்கு அவிச்சு வெச்சிருக்கேன். என் கையால அவிச்சது. திங்கப் பயமா இருந்தா வேணாங்க."

"திங்கிறேன் புள்ள."

"எத்தன மணிக்கு ரயிலு? எப்பக் கெளம்பணும்?"

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "கெளம்பல" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். தரையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். மறைத்த கையைப் பிடித்து முன்னால் இழுத்து, மிச்சமிருந்த தன் விரல் நகத்தால் அவர் கட்டைவிரலை அழுத்தினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் பலமாக அழுத்தினாள். ரத்தம் கசிந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை.

ஒன்றரை வருஷமாக வா வா என்று எழுதியவள் அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்து, "போயிடுங்க, இங்க வராதீங்க, போயிடுங்க" என்று அலறினாள். சின்னையா அடியை வாங்கிக்கொண்டு நின்றார். காவல்காரர் மூட்டையைக் காலால் உள்ளே தள்ளிக் கேட்டைச் சாத்தினார். நான் வெளிப்பக்கம் நின்றிருந்தேன்.